வங்கக்கடலைச் சுற்றி ஏழு நாடுகள்: பிம்ஸ்டெக் பற்றி அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

போட்டித் தேர்வுக்குப் படிப்பவர்கள், ஏற்றுமதி இறக்குமதித் தொழிலில் இருப்பவர்கள், செய்தியில் பெயரை மட்டும் கேள்விப்பட்டவர்கள் என்று பலரிடமிருந்தும் திரும்பத் திரும்ப ஒரே சந்தேகங்கள் வருகின்றன. அவற்றைக் கேட்டவர்கள் கேட்டபடியே இங்கே தொகுத்திருக்கிறேன். எளிய கேள்விகள் முதலில். சிக்கலானவை போகப் போக வரும்.

பிம்ஸ்டெக்னா என்னங்க? சுருக்கமா சொல்லுங்க.

வங்காள விரிகுடாவின் கரையில் இருக்கும் அல்லது அந்தக் கடலை நம்பி வாழும் ஏழு நாடுகளின் கூட்டமைப்பு. இந்தியா, இலங்கை, வங்கதேசம், மியான்மர், தாய்லாந்து, நேபாளம், பூட்டான் ஆகியவை உறுப்பினர்கள். வணிகம், போக்குவரத்து, மின்சாரம், வேளாண்மை, பேரிடர், பாதுகாப்பு போன்றவற்றில் சேர்ந்து வேலை செய்வதுதான் நோக்கம். உலக மக்களில் ஐந்தில் ஒருவருக்கும் மேல் இந்த ஏழு நாடுகளில் வாழ்கிறார்கள்.

1997 ஜூன் 6ஆம் தேதி பாங்காக்கில் இந்தியா, வங்கதேசம், இலங்கை, தாய்லாந்து ஆகிய நான்கும் சேர்ந்து தொடங்கின. அதே ஆண்டு டிசம்பரில் மியான்மர் வந்தது. 2004இல் நேபாளமும் பூட்டானும் முழு உறுப்பினர் ஆயின. டாக்காவில் நிரந்தரச் செயலகம் திறந்தது 2014 செப்டம்பரில்தான். அதாவது முதல் பதினேழு ஆண்டுகள் தனக்கென ஓர் அலுவலகம்கூட இல்லாமல் ஓடிய அமைப்பு இது.

நேபாளத்துக்கும் பூட்டானுக்கும் கடலே கிடையாதே, அவங்க எப்படி உள்ள வந்தாங்க?

கடற்கரை இருப்பது மட்டும் தகுதி இல்லை. வணிகத்துக்கும் போக்குவரத்துக்கும் முதன்மையாக வங்காள விரிகுடாவை நம்பியிருக்கும் நாடும் சேரலாம். நேபாளத்துக்கு வெளிநாட்டுச் சரக்கு கொல்கத்தா, ஹால்தியா, விசாகப்பட்டினம் துறைமுகங்களில் இறங்கித்தான் போகிறது. கடல் இல்லாத நாட்டுக்குத்தான் துறைமுகத்தின் அருமை அதிகம் தெரியும்.

பூட்டான் கதை இன்னும் சுவையானது. அங்கே கருங்கல் ஏராளம். வண்டல் மண் நாடான வங்கதேசத்தில் கட்டுமானத்துக்குக் கல் போதாது. முன்பு எல்லாம் லாரியில்தான் போகும். 2019 ஜூலையில் பூட்டானின் ஜல்லி அசாமிலுள்ள துப்ரியில் கப்பலேறி, பிரம்மபுத்திரா வழியாக வங்கதேசத்தின் நாராயண்கஞ்ச் போய்ச் சேர்ந்தது. மூன்று நாடுகள், ஒரு ஆறு, ஓர் எளிய சரக்கு. ஒத்துழைப்பு என்று நான் மனதில் வைத்திருப்பது இந்த மாதிரி வேலையைத்தான்.

அப்போ பாகிஸ்தான், மாலத்தீவு, மலேசியா ஏன் இல்லை?

முந்தைய பதிலில் சொன்ன தகுதியை வைத்துப் பாருங்கள். 1971இல் வங்கதேசம் பிரிந்த பிறகு பாகிஸ்தானுக்கு வங்கக்கடலில் கரை இல்லை. மாலத்தீவு அரபிக்கடல் பக்கம். மலேசியாவும் இந்தோனேசியாவும் தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானில் தொடக்கம் முதலே இருப்பவை, இதில் சேரவில்லை.

சார்க்னு ஒண்ணு இருக்கே, இது எதுக்குத் தனியா?

தெற்காசிய நாடுகளின் கூட்டமைப்பான சார்க்கின் உச்சி மாநாடு கடைசியாக நடந்தது 2014 நவம்பரில், காத்மாண்டுவில். 2016இல் இஸ்லாமாபாத்தில் நடக்க வேண்டியது, காஷ்மீரின் உரி ராணுவ முகாம் மீதான தாக்குதலுக்குப் பிறகு இந்தியா போக மறுத்ததாலும் மற்ற நாடுகள் விலகியதாலும் நின்றுபோனது. அதற்குப் பிறகு மாநாடே இல்லை. அதே 2016 அக்டோபரில் கோவாவில் பிரிக்ஸ் மாநாட்டை ஒட்டி இந்தியா பிம்ஸ்டெக் தலைவர்களை அழைத்தது. அதுவரை கவனிப்பாரற்றுக் கிடந்த அமைப்புக்கு அன்றுதான் உயிர் வந்தது.

இன்னொரு வேறுபாடு, இதில் தாய்லாந்தும் மியான்மரும் இருக்கின்றன. இரண்டும் ஆசியான் உறுப்பினர்கள். தெற்காசியாவையும் தென்கிழக்காசியாவையும் ஒரே மேசையில் உட்கார வைக்கும் அமைப்பு என்பது இதன் பலம். ஆனால் இந்தியா பாகிஸ்தானைத் தவிர்க்கக் கண்டுபிடித்த வழி என்ற பேச்சும் உண்டு. 2016இல் அது உண்மைக்குப் பக்கத்தில்தான் இருந்தது. அந்தக் காரணம் மட்டும் போதாது. சொந்தமாக ஏதாவது செய்து காட்டினால்தான் அமைப்பு நிற்கும்.

இவங்க முடிவு எடுத்தா நாம கட்டுப்படணுமா?

இல்லை. எல்லா நாடும் ஒப்புக்கொண்டால்தான் முடிவு, வாக்கெடுப்பு கிடையாது. ஒரு நாடு தலையசைக்கவில்லை என்றால் விஷயம் அடுத்த கூட்டத்துக்குப் போகும். அப்படி ஒப்புக்கொண்டதையும் ஒவ்வொரு நாடும் தன் சட்டப்படி தனியாக ஏற்க வேண்டும்.

முறையான சாசனம் கையெழுத்தானது 2022 மார்ச் 30ஆம் தேதி, கொழும்பிலிருந்து காணொளி வழியாக நடந்த ஐந்தாவது உச்சி மாநாட்டில். நடைமுறைக்கு வந்தது 2024 மே 20. வேலைகள் ஏழு துறைகளாகப் பிரிக்கப்பட்டு, ஒவ்வொன்றுக்கும் ஒரு நாடு பொறுப்பு. வங்கதேசம் வணிகம், தாய்லாந்து போக்குவரத்து இணைப்பு, இந்தியா பாதுகாப்பு (மின்சாரமும் பேரிடரும் இதில் அடக்கம்), மியான்மர் வேளாண்மை, இலங்கை அறிவியல் தொழில்நுட்பம், பூட்டான் சுற்றுச்சூழல், நேபாளம் மக்கள் தொடர்பு. தேர்வெழுதுபவர்கள் இதை மனப்பாடம் செய்துகொள்ளுங்கள்; நிச்சயம் உதவும்.

வரியில்லா வணிக ஒப்பந்தம் வந்துடுச்சா இல்லையா? ஒருத்தர் வந்துடுச்சுங்கறார், ஒருத்தர் இல்லைங்கறார்.

இருவருமே பாதி சரி. 2004 பிப்ரவரியில் தாய்லாந்தின் புக்கெட்டில் ஒரு சட்டக ஒப்பந்தம் கையெழுத்தானது. ‘இன்னின்ன வகையில் பேசி வரியைக் குறைப்போம்’ என்ற உறுதிமொழி அது. வரியைக் குறைக்கும் ஒப்பந்தம் அதன் பிறகு வர வேண்டும். இருபது ஆண்டுகளைத் தாண்டியும் வரவில்லை. பேச்சுவார்த்தைக் குழு இருபது முறைக்கு மேல் கூடிவிட்டது.

இழுபறிக்கு முக்கியமான காரணம், ‘இந்தப் பொருள் எந்த நாட்டில் செய்தது’ என்று எப்படி முடிவு செய்வது என்பதே. இது ஏன் இவ்வளவு பெரிய சிக்கல் என்று பலர் கேட்பார்கள். இந்தியா–இலங்கை ஒப்பந்தத்தில் நடந்ததைச் சொன்னால் புரியும். அது 1998இல் கையெழுத்தாகி 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. அப்போது பாமாயிலுக்கு இந்தியாவில் வரி மிக அதிகம், இலங்கையில் குறைவு. உடனே இலங்கையில் வனஸ்பதி ஆலைகள் முளைத்தன. பாமாயிலைக் குறைந்த வரியில் இறக்கி, வனஸ்பதியாக்கி, வரியில்லாமல் இந்தியாவுக்கு அனுப்பின. இங்குள்ள ஆலைகள் அலறின, இந்தியா அளவுக் கட்டுப்பாடு போட்டது, அங்கே ஆலைகள் மூடின, வேலை போனது. இரண்டு பக்கமும் கசப்புதான் மிச்சம். அந்த அனுபவம் பேச்சுவார்த்தை நடத்தும் அதிகாரிகளுக்கு மறக்காது.

அடுத்த காரணம், ஒவ்வொரு நாட்டுக்கும் ஏற்கெனவே வேறு வழி இருக்கிறது. அதை அடுத்த கேள்வியில் பார்க்கலாம்.

நான் தாய்லாந்துல இருந்து சரக்கு எடுக்கறேன். இப்போ எந்த ஒப்பந்தத்துல சலுகை கேட்கணும்?

பிம்ஸ்டெக் பெயரில் எதுவும் கேட்க முடியாது. தாய்லாந்துக்கு இந்தியா–ஆசியான் ஒப்பந்தம் உண்டு. எண்பதுக்குச் சற்று மேற்பட்ட பொருள்களுக்கு மட்டும் இந்தியா–தாய்லாந்து முன்கூட்டிய சலுகைத் திட்டமும் உண்டு. மியான்மருக்கும் ஆசியான் ஒப்பந்தம் பொருந்தும். இலங்கைக்கு மேலே சொன்ன இருதரப்பு ஒப்பந்தம். வங்கதேசத்துக்கு சார்க் நாடுகளின் வரியில்லா வணிக உடன்பாடான சாஃப்டா. நேபாளம், பூட்டானுக்குத் தனித்தனி உடன்பாடுகள். ஒரே பொருளுக்கு இரண்டு வழி திறந்திருந்தால் இரண்டிலும் வரி எவ்வளவு என்று சுங்க முகவரிடம் கேட்டுப் பார்த்து முடிவு செய்யுங்கள்.

ஒரு முக்கியமான எச்சரிக்கை. 2020 செப்டம்பர் முதல், அனுப்புபவர் கொடுக்கும், பொருள் எந்த நாட்டில் உருவானது என்று காட்டும் சி.ஓ.ஓ. சான்றிதழ் மட்டும் கையில் இருந்தால் போதாது. அந்தப் பொருள் அந்த நாட்டில்தான் உருவானது என்பதற்கான விவரங்களை இறக்குமதி செய்பவரே திரட்டி வைத்திருக்க வேண்டும். சுங்கத்தில் கேட்டால் காட்ட வேண்டும். தெரியாமல் மாட்டிக்கொள்பவர்கள் நிறைய.

இதெல்லாம் பெரிய இடத்து விஷயம். எங்க வீட்டுக்கு இதால என்ன?

இட்லி மாவுக்கு ஊறப் போடும் உளுந்திலிருந்து தொடங்கலாம். இந்தியா இறக்குமதி செய்யும் உளுந்தில் மிகப் பெரும் பங்கு மியான்மரிலிருந்து வருகிறது. யாங்கூனில் கண்டெய்னரில் ஏறி, சென்னைத் துறைமுகத்தில் இறங்குகிறது. மொத்த வியாபாரிகள் ‘பர்மா உளுந்து’ என்றே சொல்வார்கள், எஃப்.ஏ.க்யூ., எஸ்.க்யூ. என்று இரண்டு தரம், இரண்டு விலை. மியான்மர் மக்கள் உளுந்தை அதிகம் சாப்பிடுவதில்லை. அங்கே விவசாயி விதைப்பதே பெரும்பாலும் நம்மை நம்பித்தான்.

2017 ஆகஸ்டில் இங்கே பருப்பு விலை விழுந்தபோது, உளுந்துக்கும் பாசிப்பயறுக்கும் சேர்த்து ஆண்டுக்கு மூன்று லட்சம் டன் என்று இந்தியா திடீரென வரம்பு போட்டது. நம் விவசாயியைக் காக்க எடுத்த முடிவு. அதில் நியாயம் உண்டு. ஆனால் அங்கே விற்க வேறு சந்தை இல்லாதவர்கள் நொடித்துப் போனார்கள். பிறகு 2021இல் ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டன் உளுந்தும் ஒரு லட்சம் டன் துவரையும் ஐந்தாண்டுக்கு வாங்குவதாக இரு அரசுகளும் உடன்பாடு செய்தன. விதைக்கும் முன்பே வாங்கும் அளவு தெரிந்தால் விவசாயி அதற்கேற்ப விதைப்பார், இங்கே விலையும் ஒரேயடியாக ஏறி இறங்காது. பிம்ஸ்டெக் இந்த உடன்பாட்டைச் செய்யவில்லை. ஆனால் ஒரு நாடு வர்த்தக விதியை மாற்றும் முன் மற்ற ஆறுக்கும் இத்தனை நாள் அவகாசம் கொடுக்க வேண்டும் என்ற ஒரே ஒரு விதியை அது கொண்டுவந்தால்கூட, பெரிய ஒப்பந்தங்களைவிட அதற்கு மதிப்பு அதிகம் என்று உறுதியாக நம்புகிறேன்.

திருப்பூர்க்காரன் கேட்கறேன். பங்களாதேஷ் நமக்குப் போட்டி. அவங்களோட என்ன கூட்டு வேண்டிக்கிடக்கு?

உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. மிகவும் பின்தங்கிய நாடு என்ற தகுதியால் வங்கதேச ஆடைகளுக்கு ஐரோப்பாவில் வரி இல்லை. திருப்பூர் பல ஆண்டுகளாக வரி கட்டித்தான் அங்கே விற்றது. 2011இல் இந்தியாவும் தன் சந்தையை வங்கதேச ஆடைக்கு வரியின்றித் திறந்தது.

ஆனால் அதே நாடுதான் இந்திய நூலை வாங்கும் மிகப் பெரிய சந்தைகளில் ஒன்று. தமிழ்நாட்டு நூற்பாலைகளின் நூலும் அங்கே போகிறது. திருப்பூர் முதலாளிக்குப் போட்டியாகத் தெரியும் நாடு, நூற்பாலைக்காரருக்கு வாடிக்கையாளர்.

2025 ஏப்ரலில் என்ன நடந்தது என்று பாருங்கள். 4ஆம் தேதி பாங்காக்கில் ஆறாவது உச்சி மாநாடு முடிந்தது. 8ஆம் தேதி, வங்கதேசச் சரக்கு இந்தியத் துறைமுகங்கள், விமான நிலையங்கள் வழியாக மூன்றாம் நாடுகளுக்குப் போக 2020 முதல் இருந்த அனுமதியை இந்தியா ரத்து செய்தது. இங்கே நெரிசல் என்று காரணம் சொன்னது. சில நாளில் வங்கதேசம் தரைவழியாக வரும் இந்திய நூலை நிறுத்தியது. மே மாதம் இந்தியா, வங்கதேச ஆடைகள் தரைவழியாக வருவதைத் தடுத்தது. மாநாட்டு மேடையில் கைகுலுக்கிய ஈரம் காய்வதற்குள் இத்தனையும். உளுந்து விஷயத்தில் சொன்ன அவகாசம் இங்கே யாருக்கும் கிடைக்கவில்லை. இதில் அடிபட்டவர்களில் நம் பக்கத்து நூல் வியாபாரியும் ஒருவர்.

இத்தனை வருஷத்துல உருப்படியா ஒண்ணாவது நடந்திருக்கா?

இந்தப் பகுதியில் நடந்ததில் எனக்கு மிகவும் பிடித்தது, நேபாளத்து மின்சாரம் வங்கதேசம் போனது. இரண்டுக்கும் பொது எல்லை கிடையாது. நடுவில் இந்தியாவின் சிலிகுரிப் பகுதி, சுமார் இருபது கிலோமீட்டர் அகலம். நேபாளத்தில் மழைக்காலத்தில் ஆறுகள் பெருகி மின்சாரம் மிஞ்சும். வங்கதேசத்தில் அதே மாதங்களில் மின்வெட்டு. 2024 அக்டோபர் 3ஆம் தேதி மூன்று நாட்டு மின்நிறுவனங்கள் காத்மாண்டுவில் கையெழுத்திட்டன. ஒவ்வோர் ஆண்டும் ஜூன் 15 முதல் நவம்பர் 15 வரை 40 மெகாவாட், இந்திய மின்கம்பி வழியாக.

முதல் ஆண்டு 2024 நவம்பர் 15 அன்று ஒரே ஒரு நாள் மட்டும் போனது, பருவம் அன்றோடு முடிந்ததால். 2025 ஜூனில் முறைப்படி தொடங்கியது. 40 மெகாவாட் என்பது ஒரு பெரிய நாட்டுக்கு எதுவுமே இல்லை. ஆனால் மீட்டரை எங்கே பொருத்துவது, வழியில் வீணாகும் மின்சாரம் யார் கணக்கு, பணம் எந்த நாணயத்தில் என்ற கேள்விகளுக்கெல்லாம் ஒரு முறை விடை கண்டாகிவிட்டது. அடுத்த 400 மெகாவாட்டுக்கு அதே விடை போதும். இதுவும் நேரடியாக பிம்ஸ்டெக் திட்டம் அல்ல, முத்தரப்பு ஏற்பாடு. ஆனால் மின்கட்டமைப்புகளை இணைப்பது பற்றி ஏழு நாடுகளும் 2018 காத்மாண்டு மாநாட்டில் செய்த உடன்பாடு போகும் திசை இதுதான்.

சென்னையில இவ்வளவு பெரிய துறைமுகம் இருந்தும் ஏன் கொழும்பு போய்த்தான் சரக்கு மாறுது?

பெரிய தாய்க்கப்பல்கள் கிழக்கு–மேற்குக் கடல் பாதையைவிட்டு அதிகம் விலக விரும்புவதில்லை. கொழும்பு அந்தப் பாதையின் ஓரத்திலேயே இருக்கிறது, ஆழமும் உண்டு. சென்னையிலிருந்து ஃபீடர் எனும் சிறிய கப்பலில் கண்டெய்னர் கொழும்பு போய், அங்கே தாய்க்கப்பலில் ஏறும். கொழும்பு துறைமுகத்தில் கப்பல் மாறும் சரக்கில் பெரும்பங்கு இந்தியாவுடையது. இதில் அவமானப்பட ஒன்றுமில்லை. இலங்கைக்கு வருமானம், நமக்கு அருகிலேயே ஒரு பெரிய துறைமுகம்.

குறை வேறு இடத்தில் இருக்கிறது. வங்கக்கடலுக்குள்ளேயே, கரைக்குக் கரை போகும் கப்பல்கள் குறைவு. ஒரு காலத்தில் சென்னை, நாகப்பட்டினத்திலிருந்து ‘ரஜூலா’ கப்பல் பினாங்குக்கும் சிங்கப்பூருக்கும் ஆளும் சரக்கும் ஏற்றிப் போனது. தனுஷ்கோடியிலிருந்து தலைமன்னாருக்குக் கப்பல் இருந்தது, 1964 புயல் வரை. இப்போது 2023 அக்டோபரில் தொடங்கி, நின்று, 2024 ஆகஸ்டில் மீண்டும் தொடங்கிய நாகப்பட்டினம்–காங்கேசன்துறை பயணிகள் கப்பல் இருக்கிறது. அது இரு நாட்டு ஏற்பாடு. பாங்காக் மாநாட்டின்போது கையெழுத்தான கடல்சார் போக்குவரத்து ஒப்பந்தத்தில், உறுப்பு நாட்டுக் கப்பலைத் தன் நாட்டுக் கப்பல் போல நடத்துவதும், கப்பல் மற்றும் மாலுமிகளின் சான்றிதழ்களை ஒருவருக்கொருவர் ஏற்பதும் இருக்கின்றன. சரியாக நடந்தால் சிறிய கப்பல்களுக்கு வழி பிறக்கும்.

புயலுக்குப் பேர் வைக்கறது இவங்கதானே?

இல்லை, நிறைய பேர் குழப்பிக்கொள்வது இது. உலக வானிலை அமைப்பும் ஐ.நா.வின் ஆசிய–பசிபிக் ஆணையமும் சேர்ந்து நடத்தும் குழுவில் இன்று 13 நாடுகள் பெயர் தருகின்றன. 2004இல் தொடங்கியபோது எட்டு. பாகிஸ்தான், ஓமன்கூட அதில் உண்டு. 2011இல் கடலூரைப் புரட்டிப்போட்ட ‘தானே’ மியான்மர் வைத்த பெயர். 2018இல் வேதாரண்யத்தில் கரையேறிய ‘கஜா’ இலங்கை வைத்தது.

ஆனால் புயல் விஷயத்தில் இந்தக் கூட்டமைப்புக்கு வேலை நிறைய இருக்கிறது. நொய்டாவில் இதற்கென வானிலை, காலநிலை மையம் ஒன்று உண்டு. 2008 மே மாதம் நர்கிஸ் புயல் ஐராவதி டெல்டாவைத் தாக்கியபோது ஏறத்தாழ 1,38,000 பேர் இறந்தோ காணாமலோ போனார்கள். முன்கூட்டியே எச்சரிக்கை அனுப்பியதாக இந்திய வானிலைத் துறை சொன்னது. எச்சரிக்கை தலைநகருக்குப் போவதும் டெல்டாவின் கடைசிக் கிராமத்துக்குப் போவதும் வேறு வேறு. இதில் வங்கதேசம்தான் ஆசான். 1970 புயலில் மூன்று லட்சத்துக்கு மேல் இறந்த நாடு அது. தன்னார்வலர்கள், புயல் காப்பிடங்கள் என்று அடிமட்டத்தில் கட்டியெழுப்பி, 2007 சித்ர் புயலில் உயிரிழப்பைச் சில ஆயிரத்துக்குக் கொண்டுவந்தது. இந்தப் பாடத்தை மற்ற ஆறு நாடுகளும் உட்கார்ந்து படிக்க வேண்டும்.

ராமேஸ்வரம் மீனவர் பிரச்சினையை இந்த மேடையில வைக்கலாமே?

வைக்க மாட்டார்கள். எல்லாரும் ஒப்புக்கொண்டால்தான் முடிவு என்று முன்பே சொன்னேன். இரு நாட்டுச் சச்சரவை மற்ற ஐந்து நாடுகள் தொட விரும்பாது. அதற்கென 2016 முதல் இந்தியா–இலங்கை கூட்டுப் பணிக்குழு தனியாக இருக்கிறது.

இதில் ஒன்றை மறைக்காமல் சொல்ல வேண்டும். பாக் நீரிணையில் அடிக்கடி பிடிபடுபவை இழுவை மடி போடும் விசைப்படகுகள். அந்த மடி கடல் தரையையே வாரிக்கொண்டு போகிறது. அந்தப் பக்கம் வலை அறுந்து நிற்பவர்கள் போரிலிருந்து மீண்ட யாழ்ப்பாணம், மன்னார்த் தமிழ் மீனவர்கள். இலங்கை 2017இல் இழுவை மடியைச் சட்டம் போட்டுத் தடுத்தது. இங்கேயும் அதே ஆண்டு, இழுவைப் படகை விட்டு ஆழ்கடல் சூரை மீன்பிடிக்கு மாற, படகுக்கு 80 லட்சம் ரூபாய் மதிப்பில் உதவித் திட்டம் வந்தது. எதிர்பார்த்த வேகத்தில் அது நகரவில்லை. நம்மவர் சிறையில் வாடுவது கொடுமை. அந்தக் கரைத் தமிழரின் வயிறு காய்வதும் கொடுமைதான்.

மீன்வளத்தைச் சேர்ந்து காக்கும் அமைப்பு சென்னையிலேயே இருக்கிறது என்பது பலருக்குத் தெரியாது. 1979இல் தொடங்கிய வங்காள விரிகுடாத் திட்டம், 2003 முதல் அரசுகளுக்கிடையேயான அமைப்பாக இயங்குகிறது. இந்தியா, இலங்கை, வங்கதேசம், மாலத்தீவு உறுப்பினர்கள்.

மியான்மர்ல ராணுவ ஆட்சி, உள்நாட்டுப் போர். அவங்களை வெச்சுக்கிட்டு என்ன செய்ய முடியும்?

எனக்கும் நெருடலான கேள்வி இதுதான். 2021 பிப்ரவரியில் ராணுவம் ஆட்சியைப் பிடித்தது. அதற்கு முன்பே, 2017இல் ஏழு லட்சத்துக்கும் மேற்பட்ட ரோஹிங்கியாக்கள் வங்கதேசத்துக்கு ஓடிவந்தார்கள். ஆசியான் ராணுவத் தலைவரைத் தன் மாநாடுகளுக்கு அழைக்காமல் ஒதுக்கியது, பிம்ஸ்டெக் அழைத்தது. 2025 மாநாட்டுக்கு ஒரு வாரம் முன்பு மியான்மரில் பெரும் நிலநடுக்கம், அதனால் உதவி பற்றிப் பேச ஒரு காரணம் இருந்தது என்பது உண்மை. ஆனாலும் ஒரே மேசையில் அமர்ந்த வங்கதேசத்துக்கு அது எப்படி இருந்திருக்கும்?

நடைமுறைச் சிக்கலும் பெரிது. மணிப்பூரின் மோரேயிலிருந்து மியான்மர் வழியாகத் தாய்லாந்தின் மே சோட் வரை போக வேண்டிய சுமார் 1,360 கிலோமீட்டர் முத்தரப்பு நெடுஞ்சாலை பாதியில் நிற்கிறது. இந்தியா கட்டிய சித்வே துறைமுகத்துக்கு 2023 மே மாதம் கொல்கத்தாவிலிருந்து முதல் கப்பல் போனது. அடுத்த ஜனவரியில், சித்வேயிலிருந்து மிசோரம் நோக்கிப் போகும் பாதையிலுள்ள பலேத்வாவை, ராணுவத்தை எதிர்த்துப் போரிடும் அரக்கான் படை பிடித்தது. மியான்மரைத் தாண்டாமல் தாய்லாந்துக்குத் தரைவழி இல்லை. அதனால்தான் கடல்வழி ஒப்பந்தத்துக்கு இப்போது முக்கியத்துவம் கூடியிருக்கிறது.

விசா இல்லாம போகலாமா? படிக்க உதவி ஏதாவது கிடைக்குமா?

பொது விசா ஏற்பாடு இன்னும் வரவில்லை. நேபாளம், பூட்டானுக்கு நாம் விசா இல்லாமல் போவது பழைய இருதரப்பு உடன்பாடுகளால். மற்ற நாடுகளின் விதி அடிக்கடி மாறும், பயணத்துக்கு முன் தூதரகத் தளத்தில் பாருங்கள். படிப்பில், நாளந்தா பல்கலைக்கழகத்தில் மற்ற உறுப்பு நாட்டு மாணவர்களுக்கு உதவித்தொகை உண்டு. ஆண்டுக்கு 300 இளைஞர்களுக்கு இந்தியாவில் பயிற்சி தரும் ‘போதி’ திட்டம் 2025இல் அறிவிக்கப்பட்டது. இலங்கையில் படிக்கும் நம் உறவுப் பிள்ளைகள் இவற்றைக் கவனித்து விண்ணப்பிக்கலாம்.

வங்கதேசம் பின்தங்கிய நாடுகள் பட்டியல்ல இருந்து வெளிய வந்துட்டா என்ன மாறும்?

நிறைய மாறும். 2026 நவம்பரில் வங்கதேசமும் நேபாளமும் வெளியேறும் என்று ஐ.நா. பொதுச்சபை 2021இல் நாள் குறித்தது. பூட்டான் 2023 டிசம்பரிலேயே வெளியேறிவிட்டது. வெளியேறிய நாடு, பின்தங்கிய நாடு என்பதற்காகக் கிடைத்த வரிச் சலுகைகளை ஒவ்வொன்றாக இழக்கும். இதுவரை சலுகை இலவசமாகக் கிடைத்ததால், 2004 முதல் பேசிவரும் பிம்ஸ்டெக் வரியில்லா வணிக ஒப்பந்தத்தை முடிக்க வங்கதேசத்துக்கு அவசரம் இல்லை. சலுகை போன பிறகு பக்கத்து நாடுகளோடு பேரம் பேசி வாங்கியாக வேண்டும். வணிகத் துறைக்குப் பொறுப்பான நாடும் அதுதான். பாங்காக் மாநாட்டில் அமைப்பின் தலைமைப் பொறுப்பையும் அதுவே ஏற்றது. திருப்பூர் நண்பருக்கும் நூற்பாலைக்காரர்களுக்கும் நான் சொல்வது இதுதான்: டாக்காவில் நடக்கும் வணிகப் பேச்சுவார்த்தைகளை இப்போதிலிருந்தே உங்கள் சங்கங்கள் வழியாகக் கவனியுங்கள். எந்தப் பொருள் எந்தப் பட்டியலில் போகிறது என்பது முடிவான பிறகு டெல்லிக்கு மனு கொடுத்துப் பயனில்லை.